ஹாலோவீன் குழு வேடங்கள்: கடைசி நேரத்தில் வீட்டிலேயே செய்யும் முறைகள்

ஹாலோவீன் என்பது ஆண்டுதோறும் அக்டோபர் 31 அன்று மாலையில், முதன்மையாக அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளில் கொண்டாடப்படும் விழாவாகும். நவம்பர் 1 கிறித்தவ மரபில் புனிதர் அனைவர் பெருவிழா. அதற்கு முந்தைய மாலை என்பதே ஹாலோவீன் என்ற சொல்லின் பொருள். அடுத்து வரும் நவம்பர் 2-ஐத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் கல்லறைத் திருநாள் என்ற பெயரில் அறிவார்கள். இறந்தோர் நினைவை ஒட்டி வரும் இந்த மாலையில் பேய், சூனியக்காரி, எலும்புக்கூடு போன்ற வேடங்கள் இடுவது பழைய வழக்கம். இன்று அந்த எல்லை விரிந்து, திரைப்படப் பாத்திரம் முதல் வறுத்த உருளைக்கிழங்குப் பொட்டலம் வரை எதுவும் வேடமாகிறது.

நண்பர்கள் சிலர் ஒரே கருத்தை எடுத்துக்கொண்டு, அதை ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்து வேடமிடுவதைக் குழு வேடம் எனலாம். பல்கலைக்கழக விடுதிகளிலும் மாணவர் கூடுகைகளிலும் இது அதிகம் காணப்படும். அமெரிக்காவிலோ கனடாவிலோ ஹாலோவீன் பொது விடுமுறை அன்று. பெரும்பாலான ஆண்டுகளில் அது ஒரு வேலை நாளில் வந்து விழும். வகுப்பு முடிந்து திரும்பும்போதுதான் "இன்று இரவு எல்லோரும் என்னவாகப் போகிறோம்?" என்ற கேள்வி எழும். முதல் ஆண்டு படிக்க வந்திருக்கும் வெளிநாட்டு மாணவருக்கு அழைப்பே அன்றுதான் வந்து சேர்ந்திருக்கும். கடை உடைகள் அந்நேரத்தில் தீர்ந்திருக்கும். தீராதவை விலை கூடியவையாக இருக்கும். ஒரே இரவு அணிந்துவிட்டுக் கழற்றிப் போடும் உடைக்கு அவ்வளவு செலவழிக்க மாணவர்களுக்கு மனமும் வராது, பணமும் இராது.

வீட்டு வேடம் கடை வேடமான கதை

ஹாலோவீன் வேடம் தொடக்கத்தில் வீட்டுச் சரக்காகவே இருந்தது. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் சிறுவர்கள் பழைய துணிகளை மாட்டி, முகத்தை மறைத்து, வீடு வீடாகச் செல்வார்கள். ஸ்காட்லாந்தில் இவ்வழக்கத்துக்குக் கைஸிங் என்று பெயர். வாசலில் நின்று ஒரு பாட்டோ நகைச்சுவையோ சொல்லிக் காட்டிய பின்னரே பழமோ கொட்டைப் பருப்போ கைக்குக் கிடைக்கும். 19-ஆம் நூற்றாண்டில் இந்நாடுகளிலிருந்து வட அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் இவ்வழக்கத்தையும் எடுத்துச் சென்றனர். அவர்கள் முன்பு டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்குச் செய்தார்கள். புதிய மண்ணில் அந்த இடத்தைப் பூசணி பிடித்துக்கொண்டது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வீட்டு வேடங்களுக்குப் பெரிதும் பயன்பட்டது சுருக்குத் தாள், அதாவது நாம் தோரணம் கட்டப் பயன்படுத்தும் கிரேப் காகிதம். மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த டென்னிசன் நிறுவனம் இத்தாளைத் தயாரித்து விற்றது. தாளை விற்பதற்காகவே, அதைக் கொண்டு வேடங்களும் அலங்காரங்களும் செய்வது எப்படி என்று விளக்கும் சிறு புத்தகங்களை 1909 முதல் அந்நிறுவனம் வெளியிட்டது. இன்று நாம் காணொளியில் தேடும் "எளிய வேடம் செய்வது எப்படி" என்பதன் முன்னோடி அதுதான். அந்தத் தாள் வேகமாகத் தீப்பிடிக்கக்கூடியது என்பது இந்த மரபின் மறுபக்கம். அதைப் பின்னர் பார்ப்போம்.

1930-களில் நியூயார்க்கின் பென் கூப்பர் போன்ற நிறுவனங்கள் ஆயத்த வேடங்களை விற்கத் தொடங்கின. மெல்லிய முகமூடி, அதன் பின்னால் ஓர் எலாஸ்டிக் கயிறு, கூடவே படம் அச்சிட்ட ஒரு மேலங்கி, எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் வந்துவிடும். தொலைக்காட்சி பரவிய பின் இப்பெட்டிகள் பெருகின. தன் வேடத்தைத் தானே செய்யும் பழக்கம் அதன் பிறகு மெல்லக் குறைந்தது. கடைசி நேரத்தில் வீட்டிலேயே செய்துகொள்பவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, அந்தப் பழைய முறைக்குத்தான் திரும்புகிறார்கள்.

தனி வேடத்தைவிடக் குழு வேடம் ஏன் எளிது

ஐந்து பேருக்கு வேடம் செய்வது ஒருவருக்குச் செய்வதைவிட ஐந்து மடங்கு வேலை என்று தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது. தனியாக ஒருவர் சிவப்புச் சட்டை அணிந்து வந்தால் அது வெறும் சிவப்புச் சட்டை. சிவப்பு, மஞ்சள், பச்சைச் சட்டை அணிந்த மூவர் வரிசையாக வந்து நின்றால், யாரும் சொல்லாமலே அது போக்குவரத்து விளக்கு. பக்கத்தில் நிற்பவரே வேடத்தின் பாதியைச் செய்துவிடுகிறார். ஆகவே ஒவ்வொருவருடைய உடையும் அரைகுறையாக இருந்தாலும் குழு முழுமையாகத் தெரியும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. நண்பர்கள் என்றால் ஒருவர் தாமதமாக வருவார். ஒருவர் கடைசி நிமிடத்தில் வரவில்லை என்பார். அழைக்காத ஒருவர் கூடவே வந்து நிற்பார். எனவே கருத்தைத் தேர்வு செய்யும்போது அதன் அழகைவிட, ஆள் கூடினாலும் குறைந்தாலும் அது தாங்குமா என்று பார்ப்பது முக்கியம். கல், காகிதம், கத்தரி என்ற விளையாட்டை மூவர் வேடமாகப் போடலாம். ஒருவர் வராவிட்டால் மிச்சமிருக்கும் இருவர் என்ன என்றே யாருக்கும் புரியாது. இத்தகையவற்றை மூடிய குழு எனலாம். மாறாக வண்ணப் பென்சில்கள், சீட்டுக்கட்டு, பேய்க் கூட்டம் போன்றவை திறந்த குழுக்கள். மூன்று பேர் வந்தாலும் சரி, பதின்மூன்று பேர் வந்தாலும் சரி. நேரம் குறைவாக உள்ளபோது திறந்த குழுவே நல்லது என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து. வெளியே விடப்பட்ட ஒருவர் சாதாரண உடையில் ஓரமாக நின்று மற்றவர்களைப் படம் எடுத்துக் கொடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

நிறமே வேடம்

அலமாரியில் இருக்கும் ஒற்றை நிறச் சட்டைகள்தாம் கடைசி நேரத்தின் முதல் மூலதனம். பிக்சார் நிறுவனத்தின் 2015-ஆம் ஆண்டுத் திரைப்படமான இன்சைட் அவுட், ஒரு சிறுமியின் உள்ளத்து உணர்ச்சிகளைப் பாத்திரங்களாக்கியது. மகிழ்ச்சி மஞ்சள், சோகம் நீலம், கோபம் சிவப்பு, அருவருப்பு பச்சை, பயம் ஊதா. ஐந்து பேருக்கு ஐந்து நிறங்கள். மிச்சம் முகபாவம் பார்த்துக்கொள்ளும். சோகமாக வருபவர் மாலை முழுவதும் தோளைத் தொங்கவிட்டு நடந்தால் போதும், வேறு எந்த அலங்காரமும் தேவையில்லை. 2024-இல் வந்த இரண்டாம் பாகத்தில் பதற்றம், பொறாமை, சலிப்பு, வெட்கம் ஆகிய நான்கும் சேர்ந்துகொண்டன. இதனால் மூடிய குழுவாக இருந்தது ஓரளவு திறந்துவிட்டது. ஆறாவதாக வருபவர் ஆரஞ்சுச் சட்டை போட்டால் பதற்றம் ஆகிவிடுவார். தாமதமாக ஓடி வருபவருக்கு அது பொருத்தமும்கூட.

1980-இல் ஜப்பானில் வெளியான பேக்மேன் விளையாட்டும் நிறத்தை நம்பியதே. நான்கு பேய்களில் பிளிங்கி சிவப்பு, பிங்கி இளஞ்சிவப்பு, இங்கி வெளிர்நீலம், கிளைட் ஆரஞ்சு. அந்தந்த நிறச் சட்டையின் மார்பில் இரண்டு பெரிய வெள்ளை வட்டங்களை ஒட்டி, ஒவ்வொன்றினுள்ளும் ஒரு சிறிய நீல வட்டம் வைத்தால் பேயின் கண்கள் தயார். நான்கு பேரின் கருவிழியும் ஒரே திசையில் பார்த்தால் பார்ப்பவர் சிரித்துவிடுவார். பேக்மேனுக்கு, அகன்ற மஞ்சள் அட்டையை வட்டமாக வெட்டி, அதிலிருந்து ஒரு பெரிய முக்கோணத் துண்டை வாய்போல எடுத்துவிட வேண்டும். அட்டையை நூல் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். இதில் பேய்களில் ஒன்று குறைந்தாலும் குழு நிற்கும். பேக்மேன் வராவிட்டால்தான் சிக்கல். ஆகவே அந்த வேடத்தை வருவது உறுதியான ஆளிடம் கொடுக்க வேண்டும்.

1969-இல் தொடங்கிய ஸ்கூபி டூ கார்ட்டூனின் ஐவரும் அன்றாட உடையில் இருப்பவர்களே. ஃபிரெட்டுக்கு வெள்ளைச் சட்டை, நீலக் கால்சட்டை, கழுத்தில் ஓர் ஆரஞ்சுத் துணி. டாஃப்னிக்கு ஊதா உடை, பச்சைக் கழுத்துத் துண்டு. வெல்மாவுக்கு ஆரஞ்சு நிறக் கம்பளிச் சட்டை, சிவப்புப் பாவாடை, மூக்குக் கண்ணாடி. ஷாகிக்குத் தொளதொளத்த பச்சை டி-சட்டையும் பழுப்புக் கால்சட்டையும். நாய்க்குப் பழுப்பு உடையும் நீலக் கழுத்துப்பட்டையும். வாங்க வேண்டியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனால் ஐவரும் பக்கத்தில் நிற்கும்போதுதான் இது வேடம். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் ஷாகி வெறும் ஒரு கல்லூரி மாணவர்.

சீட்டுக்கட்டு

கடைசி நேரத்துக்கு ஏற்ற ஒரே ஒரு கருத்தைச் சொல்லச் சொன்னால் சீட்டுக்கட்டைச் சொல்லலாம். ஆளுக்கு இரண்டு வெள்ளை சார்ட் அட்டைகள் வேண்டும். வட அமெரிக்கக் கடைகளில் இவை பெரும்பாலும் 22-க்கு 28 அங்குல அளவில் கிடைக்கும். ஒன்றை மார்புக்கும் மற்றொன்றை முதுகுக்கும் வைத்து, தோளில் இரண்டு நாடாக்களால் இணைத்தால், விளம்பரப் பலகை சுமப்பவர் போல உடல் இரண்டு அட்டைகளுக்கு நடுவே வந்துவிடும். நாடா செருகும் துளையைச் சுற்றி முன்கூட்டியே செலோடேப் ஒட்ட வேண்டும். இல்லையேல் அரை மணியில் துளை கிழிந்து அட்டை தொங்கும். இடுப்புக்குக் கீழே அட்டை நீண்டால் உட்கார முடியாது. பேருந்தில் செல்வதாக இருந்தால் நீளத்தைக் குறைத்துவிடுவது நல்லது.

சின்னங்களைத் தனித்தனியாக வரைவதைவிட, ஒரு தாளில் வெட்டிய அச்சை வைத்துச் சுற்றிவரைந்து மார்க்கரால் நிரப்புவது வேகமானது. ஆட்டினும் டைமனும் சிவப்பு. இஸ்பேடும் கிளாவரும் கறுப்பு. எண்ணும் சின்னமும் இடது மேல் மூலையில் நேராகவும், வலது கீழ் மூலையில் தலைகீழாகவும் வர வேண்டும். இந்தச் சிறு விவரம் சரியாக இருந்தால்தான் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் சின்னம் ஒட்டிய பலகையாகத் தோன்றாமல் சீட்டாகத் தெரியும். நடுவில் படம் வரையத் தெரியாதவர் ஏஸை எடுத்துக்கொள்ளட்டும். ஒரே ஒரு பெரிய சின்னம் போதும்.

மூவர் என்றால் ஒரே இனத்தில் அடுத்தடுத்த மூன்று எண்கள். ரம்மி ஆடியவர் யாருக்கும் அது உடனே புரியும். ஐவர் என்றால் ஒரே இனத்தில் பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ். போக்கரில் இதைவிட உயர்ந்த கை இல்லை. இந்த வேடத்தின் உண்மையான பலம் ஜோக்கர். ரம்மியில் ஜோக்கர் எந்தச் சீட்டுக்கும் பதிலாக நிற்கும். ஒருவர் வராமல் போனால் அந்த இடத்தில் ஜோக்கர் நிற்கலாம். எதிர்பாராமல் ஒருவர் வந்தாலும் அவருக்கு ஜோக்கர் கொடுக்கலாம். ஆகவே புறப்படும்போதே யாருக்கும் ஒதுக்காத ஒரு ஜோக்கர் அட்டையைச் சுருட்டி எடுத்துச் செல்வது புத்திசாலித்தனம்.

இதே இரண்டு அட்டை முறையில் டோமினோக் கட்டைகள், பகடைகள், சாலைக் குறிகள் எனப் பலவும் செய்யலாம். செய்முறை ஒன்றே, வரைவதுதான் மாறும்.

படுக்கை விரிப்புப் பேய்

வெள்ளைத் துணிப் பேய் ஹாலோவீனின் மிகப் பழைய வடிவங்களில் ஒன்று. இங்கிலாந்தில் இறந்தவர்களைச் சவத்துணியில் சுற்றிப் புதைத்த காலத்தில், எழுந்து வரும் ஆவியும் அதே துணியோடு வருவதாகக் கற்பனை செய்யப்பட்டது. இப்போது படுக்கை விரிப்பு அந்த இடத்தில் இருக்கிறது.

இதில் எல்லோரும் செய்யும் தவறு, கண் துளைகளை விரிப்பைத் தரையில் பரப்பி உத்தேசமாக வெட்டுவது. வேடமிடுபவர் மீது துணியைப் போர்த்தி, கண் இருக்கும் இடத்தைச் சாக்குக்கட்டியால் மெதுவாகத் தொட்டுக் குறித்து, துணியை எடுத்த பிறகே வெட்ட வேண்டும். அப்படி வெட்டினாலும் தலையைத் திருப்பும்போது துளை நகர்ந்து, கண்ணுக்கு முன் துணிதான் இருக்கும். இதைத் தடுக்க, உள்ளே ஒரு தொப்பியை அணிந்து, விரிப்பை அதோடு இரண்டு மூன்று ஊக்குகளால் குத்திவிடலாம். ஓரம் கணுக்காலுக்கு மேலே நிற்க வேண்டும். தரையில் இழுபட்டால் படியில் தடுக்கி விழுவது நிச்சயம்.

ஐந்து வெள்ளைப் பேய்கள் ஒன்றாக வந்தால் யார் யார் என்றே தெரியாது. துணிக்கு மேலே ஒருவர் குளிர்க்கண்ணாடி, ஒருவர் கழுத்துத் துண்டு, ஒருவர் ஹெட்போன், ஒருவர் முதுகுப்பை என்று மாட்டிக்கொண்டால் ஒவ்வொரு பேய்க்கும் ஒரு குணம் வந்துவிடும். விரிப்பு வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பூப்போட்ட பழைய விரிப்பு இன்னும் நன்றாக இருக்கும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: தலை உருண்டையாக இருக்க வேண்டும். உள்ளே கூம்புத் தொப்பி வைத்துத் துணியைக் கூராக்கினால், அமெரிக்காவில் அது கறுப்பின மக்களைக் கொன்று குவித்த கு க்ளக்ஸ் கிளான் அமைப்பின் உடையாகவே பார்க்கப்படும். ஊர் புதியவருக்கு இது தெரியாமல் போகலாம்.

எழுத்துகள்

ஆளுக்கு ஓர் எழுத்தைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு சொல்லாக நிற்பது மிக மலிவான முறை. ஒருவர் இடம் மாறினால் சொல் மாறிவிடும் என்பதே இதன் விளையாட்டு. ஸ்கிராபிள் கட்டை போல வலது கீழ் மூலையில் சிறிய எண்ணையும் எழுதினால் தெளிவாகும்.

டொராண்டோவிலோ லண்டனிலோ படிக்கும் தமிழ் மாணவர் மூவருக்கு இதைவிடச் சுருக்கமான வேடம் ஒன்று உண்டு. மூவரும் வெள்ளைச் சட்டை அணிந்து, மார்பில் ஆளுக்கு ஒரு பெரிய கறுப்பு வட்டம் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒருவர் உயரமாகப் பின்னால் நிற்க, இருவர் முன்னால் குனிந்து அமர்ந்தால் ஆய்த எழுத்து தயார். செலவு ஒரு கறுப்புத் தாள். மற்றவர்கள் இதென்ன டோமினோவா என்று கேட்பார்கள். விளக்கம் சொல்வதே அன்றைய பொழுதுபோக்கு. தனித்து இயங்காத எழுத்து என்பதால் மூவரும் பிரியாமல் இருக்க வேண்டிய கட்டாயமும் உண்டு.

ஜிமி ஹாலோவீன்: சாதாரணமே வேடம்

ஜப்பானில் 2014-இல் டோக்கியோவில் தொடங்கிய ஒரு வேடிக்கையான வழக்கம் கடைசி நேரக்காரர்களுக்காகவே பிறந்தது போல இருக்கிறது. அதன் பெயர் ஜிமி ஹாலோவீன். ஜிமி என்றால் பகட்டில்லாத, எளிய என்று பொருள். பகட்டான வேடமிடத் தயங்கும் பெரியவர்கள், அன்றாட வாழ்வில் நாம் காணும் மிகச் சாதாரணமான ஒரு மனிதரை, ஒரு குறிப்பிட்ட கணத்தில், வேடமாகப் போடுவார்கள். வேடத்தின் தலைப்பை எழுதிக் காட்டியதும்தான் பார்ப்பவருக்குப் புரிந்து சிரிப்பு வரும்.

இதைக் குழுவாகவும் செய்யலாம். "விடுதியில் நள்ளிரவுத் தீ எச்சரிக்கை மணி அடித்ததால் வெளியே வந்து நிற்பவர்கள்" என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டால் போதும். ஒருவர் போர்வையோடு, ஒருவர் தலையில் துவாலையோடும் ஒரே செருப்போடும், ஒருவர் கையில் பாதி சாப்பிட்ட நூடுல்ஸ் கிண்ணத்தோடு, ஒருவர் மடிக்கணினியை மட்டும் மார்போடு அணைத்தபடி. தயாரிப்பு நேரம் பத்து நிமிடம். எத்தனை பேர் வந்தாலும் சேர்த்துக்கொள்ளலாம். எதை அணிவது என்பதைவிட எதைக் கவனித்திருக்கிறோம் என்பதையே இந்த வேடம் கேட்கிறது. அதனால் உடையில் பணம் போட முடியாதவருக்கும் இதில் குறை ஏதும் இல்லை.

நேரத்தை எப்படிப் பிரிப்பது

மூன்று மணி நேரம் இருப்பதாகக் கொண்டால், கருத்து என்ன என்பதை முடிவு செய்ய அரை மணிக்கு மேல் கொடுக்கக் கூடாது. பெரும்பாலான குழுக்கள் இங்கேதான் தோற்கின்றன. வாட்ஸப்பில் இரண்டு மணி நேரம் யோசனைகள் பறக்கும். பிறகு கடை மூடிவிடும். முதலில் தலைகளை எண்ண வேண்டும், பிறகு அவரவர் அலமாரியில் உள்ள நிறங்களைக் கேட்க வேண்டும், அதன் பின்னரே கருத்து. விரும்பிய கருத்துக்கு உடை தேடுவதைவிட, இருக்கும் உடைக்குக் கருத்துத் தேடுவது விரைவானது. கடைக்கு ஒருவரை மட்டும் அனுப்பி, சார்ட் அட்டை, டேப், மார்க்கர், ஊக்கு ஆகியவற்றை மொத்தமாக வாங்கிச் செலவைச் சமமாகப் பிரித்துக்கொள்ளலாம். பல்பொருள் அங்காடிகளின் பின்புறம் கிடக்கும் அட்டைப்பெட்டிகளைக் கேட்டால் இலவசமாகவே தருவார்கள். பழைய உடை விற்கும் அறக்கடைகளும் உதவும்.

வட அமெரிக்காவின் வடபகுதியில் அக்டோபர் இறுதி என்றால் குளிர். டொராண்டோவில் அன்று மாலை ஆறு மணியளவில் இருட்டிவிடும்; வெப்பநிலை பத்து டிகிரிக்குக் கீழே இறங்குவது வழக்கம். பாடுபட்டுச் செய்த வேடத்தை ஒரு பெரிய குளிர்ச்சட்டை மூடிவிடுவது அங்கு வளரும் ஒவ்வொரு குழந்தையின் துயரம். சட்டையின் மீது ஒட்டுவதைக் குளிர்ச்சட்டையின் மீதே ஊக்கால் குத்திக்கொள்வதும், அட்டை வேடத்தைக் கம்பளி உடைக்கு மேல் மாட்டும் அளவுக்கு நாடாவைத் தளர்வாக விடுவதும் இதற்கு வழி.

எவை வேடமாகா

2011-இல் அமெரிக்காவின் ஒஹையோ பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் ஒரு சுவரொட்டி இயக்கம் தொடங்கினர். வெவ்வேறு இனப் பின்னணி கொண்ட மாணவர்கள், தங்கள் இனத்தைக் கேலிச்சித்திரமாக்கிய வேடத்தின் படத்தைக் கையில் பிடித்து நிற்பார்கள். தாங்கள் ஒரு பண்பாடு, வேடம் அல்ல என்பதே அதன் செய்தி. முகத்துக்குக் கறுப்புச் சாயம் பூசுவது, அமெரிக்கத் தொல்குடியினரின் இறகுத் தலையணியை அணிவது போன்றவை அதுவரை பலருக்கு வேடிக்கையாகத் தெரிந்தன. அந்தச் சுவரொட்டிகள் பரவலான விவாதத்தைக் கிளப்பின.

நம்மவர்களுக்கு இது அந்நியமான பேச்சு அன்று. பொட்டும் சேலையுமாக "இந்தியப் பெண்" என்றோ, தலைப்பாகையோடு போலி உச்சரிப்பில் பேசியோ ஒருவர் வந்து நின்றால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். ஒரு குறிப்பிட்ட பாத்திரமாக வேடமிடுவது வேறு, ஒரு மக்கள் கூட்டத்தையே வேடமாக்குவது வேறு. குழு வேடத்தில் இந்தத் தவறு எளிதாக நடக்கும், ஏனெனில் "நாங்கள் எல்லோரும்தானே போட்டோம்" என்ற துணிச்சல் சேர்ந்துகொள்கிறது. மனநோயாளி வேடமும் அப்படித்தான். 2013-இல் பிரிட்டனில் பெரிய கடைகள், எதிர்ப்புக் கிளம்பியதும், அத்தகைய வேடங்களை விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டன. குழுவில் ஒருவருக்கு நெருடினால்கூட அந்தக் கருத்தை விட்டுவிடலாம். சீட்டுக்கட்டு எப்போதும் இருக்கிறது.

தீ, பார்வை, தோல்

டென்னிசன் காலத்துச் சுருக்குத் தாள் இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. அதன் ஆபத்தும் அப்படியே இருக்கிறது. வீட்டு வேடங்களில் அதிகம் பயன்படும் காகிதம், பஞ்சு, மெல்லிய பருத்தித் துணி, வலைத்துணி எல்லாம் விரைவில் தீப்பிடிப்பவை. ஹாலோவீன் அன்று வாசற்படிகளில், சரியாகக் கணுக்கால் உயரத்தில், மெழுகுவத்தி எரியும் பூசணிகள் வரிசையாக இருக்கும். தொங்கும் விரிப்பும் விரிந்த பாவாடையும் அதன் மீது உரச ஒரு நொடி போதும். கழிவறைத் தாளைச் சுற்றி மம்மி வேடம் போடுவது மிகவும் பரவலான யோசனை. அதைச் செய்யவே வேண்டாம் என்பதுதான் சரியான அறிவுரை. தாடிக்கும் ஆட்டுக்குட்டி வேடத்துக்கும் பஞ்சு ஒட்டுவதும் அப்படியே. கெட்டியாக நெய்த நைலான், கனமான பாலியெஸ்டர், கம்பளி ஆகியவை ஒப்பீட்டளவில் மெதுவாகவே தீப்பற்றும். துணி உடலை ஒட்டி இருப்பதும் பாதுகாப்பு. விருந்து நம் வீட்டில் என்றால் மெழுகுவத்திக்குப் பதிலாக மின்கலத்தில் எரியும் சிறு விளக்குகளை வைக்கலாம். உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. நின்று, தரையில் படுத்து, முகத்தைக் கைகளால் மூடி உருள வேண்டும்.

இருட்டில் நடக்கும்போது கறுப்பு உடைக் குழு ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. முதுகில் ஒளி எதிரொளிக்கும் டேப் ஒரு துண்டு ஒட்டினால் வேடம் கெட்டுவிடாது. முகமூடி பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும். சாலையைக் கடக்கும்போது அதை நெற்றிக்கு ஏற்றிவிட வேண்டும். அட்டைப்பெட்டிக்குள் கைகளை அடைத்துக்கொள்ளும் வேடத்தோடு நெரிசலான தெருவுக்குப் போகக் கூடாது. 2022 அக்டோபர் 29 அன்று, தென்கொரியத் தலைநகர் சியோலின் இத்தேவோன் பகுதியில், ஹாலோவீனுக்காகக் கூடிய இளைஞர் கூட்டம் ஒரு குறுகிய சந்தில் நெரிபட்டு 159 பேர் இறந்தனர். அதற்கு வேடங்கள் காரணமல்ல. ஆனால் நெரிசலில் கைகள் விடுபட்டிருப்பது முக்கியம். கூட்டம் இறுகத் தொடங்கியதுமே குழுவாக ஓரத்துக்கு விலகிவிட வேண்டும்.

முகச்சாயம் புதிதாக வாங்கியிருந்தால் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பார்க்க வேண்டும். முறைப்படி ஒரு நாள் முன்னதாகச் செய்ய வேண்டிய சோதனை இது. அதற்கு நேரமில்லாத கடைசி நேரக் குழு, சாயத்தையே தவிர்த்துத் தொப்பியையும் அட்டையையும் நம்புவது மேல். பூனைக்கண், சிவப்புக்கண் என்று விற்கும் நிற லென்சுகளை அமெரிக்காவில் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்பது சட்டத்துக்குப் புறம்பானது; பொருந்தாத லென்சு கருவிழியைக் கீறி நிரந்தரப் பாதிப்பை ஏற்படுத்தக்கூடும். தோழி ஒருத்தி அணிந்ததைக் கழற்றி மற்றவர் அணிவது அதைவிட மோசம்.

இரவு முடிந்ததும் சார்ட் அட்டைகளைப் பிரித்துக் காகித மறுசுழற்சித் தொட்டியில் போடலாம்; டேப்பையும் நாடாவையும் மட்டும் முதலில் உரித்துவிட வேண்டும். ஊக்குகளை எண்ணிப் பெட்டியில் போட்டுவைத்தால் அடுத்த அக்டோபருக்கு ஆகும். விரிப்பில் கண் துளை விழுந்துவிட்டதே என்று கவலைப்பட வேண்டியதில்லை. அடுத்த ஆண்டும் யாராவது ஒருவர், மாலை ஐந்து மணிக்கு, என்னவாகப் போவது என்று தெரியாமல் வந்து நிற்பார். அதை எடுத்துக் கொடுக்கலாம்.